மஞ்சள் ஒட்டாத கொம்பு

ஆளிவிதை எண்ணெயின் வாசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியாது. பெயிண்டர்கள் டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கும்போது எழும்பி, பச்சையும் கசப்புமாகத் தொண்டையில் வந்து நிற்குமே, அதுதான். அதோடு கொழுப்பு உருகும் நெடியையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோடையில் தொடங்கி ஐப்பசி மழை வரைக்கும் எங்கள் வீட்டுச் சோறு, படுக்கிற பாய், என் தலைமுடி, தம்பியின் தூளி எல்லாம் அந்த வாசனைதான் அடித்தன. ஏனென்றால் அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குள் ஒரு படகின் பாய்மரம் குடியிருந்தது.

தங்க வயலில் ஏது படகு என்று சிரிக்க வேண்டாம். மண்ணுக்குள் இறங்கிப் பிழைக்கிற ஊர்தான். ஆனாலும் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டே. வண்டி கட்டிக்கொண்டு பேத்தமங்கலம் ஏரிக்குப் போய், பாய் விரித்த படகில் காற்று வாங்கிவிட்டு வருவார்கள். சுரங்க ஷாஃப்டில் இஞ்சின் பார்க்கும் துரை ஒருவர், கூலிக்காரர்கள் குடியிருந்த லைனில் எல்லாருக்கும் அவர் 'இஞ்சின் தொரை', சொந்தமாகவே ஒரு படகு வைத்திருந்தார். கோடை வந்து ஏரி சேறாகச் சுருங்கியதும் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டார்கள். பாய்மரத்தை அப்படிப் போட முடியாது. தரையில் கிடந்தால் கரையான் தின்றுவிடும். அதில் பூட்டியிருந்த பித்தளைக் கப்பிகளையும் திருகுகளையும் கழற்றி விற்க எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பங்களாவில் வைக்கலாமென்றால் எண்ணெய் நாற்றம் துரைசானிக்கு ஆகவில்லையாம். அந்த அம்மாளுக்கு ஆகாதது எங்களுக்கு ஆகும் என்று யார் முடிவு செய்தார்களோ, ஒரு நாள் மாட்டு வண்டியில் முன்னும் பின்னும் ஆட்கள் தாங்கிவர, பாய்மரம் எங்கள் லைனுக்கு வந்து சேர்ந்தது.

அப்பாவை நாங்கள் 'நைனா' என்று கூப்பிடுவோம். வடாற்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். நைனாவுக்கு ஷாஃப்டில் கயிறு பார்க்கிற வேலை. ஆட்களை ஏற்றி இறக்கும் 'கேஜ்' கூண்டு ஒரு கம்பிக் கயிற்றில்தான் தொங்கும். அந்தக் கயிற்றுக்குக் கொழுப்பு காய்ச்சித் தடவுவார். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கயிறு மெல்ல ஓட ஓட, ஒரு பிடிப் பஞ்சை அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் அது முள்ளாக நீட்டிக்கொண்டு பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். 'பஞ்சு புடிச்சிக்கிச்சி' என்று நைனா கையைத் தூக்கினால் இஞ்சின் நின்றுவிடும். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிப்பதும் அதே மாதிரிக் கம்பிக் கயிறுகள்தான், கொஞ்சம் மெல்லியவை. அதனால்தான் துரையின் கண் நைனா மேல் விழுந்தது. ஏரி நிரம்பியதும் மரம் பழுதில்லாமல் திரும்பி வந்தால் கயிற்று வேலை நைனாவுக்கே. கெட்டுப்போனால் கீழே இறங்கி மண் அள்ள வேண்டியதுதான். துரை இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாராம். நைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களுடையது மூங்கில் பிளாச்சு வைத்து முடைந்த 'தட்டி வூடு'. பாய்மரமோ எங்கள் வீட்டைவிட நீளம். வேறு வழியில்லாமல் முன் தட்டியிலும் பின் தட்டியிலும் ஓட்டை போட்டு, சவுக்குக் கட்டையால் கத்தரிக்கோல் மாதிரிக் கால் கட்டி, அதன்மேல் மரத்தைக் கிடத்தினார்கள். அடிப்பக்கம் கொல்லையில் நீட்டிக்கொண்டிருந்தது; அதில் கோழிகள் ஏறி உட்கார்ந்தன. நுனிப்பக்கம், உச்சியில் கப்பி பதித்த பக்கம், தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் வீட்டுக்குள் நாங்கள் குனிந்து குனிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தோம். லைனில் யாரும் அதைப் பாய்மரம் என்று சொல்லவில்லை. 'தொரை கொம்பு' என்றார்கள், பிறகு வெறும் 'கொம்பு' என்றார்கள். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "மனுசன் கால நீட்ட எடம் இல்ல, தொரை கொம்பு ஜம்முனு நீட்டிப் படுத்துக்கினு கீது பாரு!" என்று அடுப்படியிலிருந்து நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கொம்புக்கு வைத்தியம். நைனா சவுக்குக் கால்களின் கீழே கொட்டாங்கச்சி வைத்து மண்ணெண்ணெய் ஊற்றுவார், கரையான் ஏறாமல் இருக்க. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்ப்பார், குறுக்கே ஒரு தரமும் தேய்க்க மாட்டார். கப்பிகளின் அச்சு ஊசியைக் கழற்றித் துடைத்துக் கொழுப்பு வைப்பார். கம்பிக் கயிறுகளைத் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டிப் பஞ்சு ஓட்டுவார். சில நாள் அந்தப் பஞ்சை என் கையில் கொடுப்பார். எனக்கு ராணியம்மா பட்டம் கட்டினது போல இருக்கும். அம்மா ஒரு நாள் புளியும் செங்கல் பொடியுமாக வந்து பித்தளையைப் பளபளப்பாக்குகிறேன் என்று உட்கார்ந்தாள். நைனா பதறிப்போய்த் தடுத்தார். "அந்தப் பிசுக்குதான் அதுக்குச் சொக்கா. அத்த உருவிட்டா வெறும் ஒடம்போட நிக்கும்."

எல்லாவற்றையும்விட நைனா பயந்தது தண்ணீருக்கு. உச்சியில் கப்பிக்குக் கீழே ஓர் இரும்புப் பட்டை. அந்தப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. அதைக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைத்து வைத்திருந்தார். "அங்க தண்ணி பூந்துச்சின்னா வெளிய வராது. மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும், உள்ளாற உளுத்துப் பூடும்." எனக்கு இது விளங்கவேயில்லை. "ஏரியில நிக்கிற கொம்புக்குத் தண்ணி ஆவாதா நைனா?" என்று கேட்டேன். "ஏரித் தண்ணி படகுக்குத்தான். கொம்பு நிக்கிறது காத்துலம்மா" என்றார்.

ஆடி கழிந்து கொஞ்ச நாளில் லைனுக்குக் காய்ச்சல் வந்தது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி கட்டும் காய்ச்சல். பிளேக் என்ற பெயரை நான் அப்போதுதான் முதலில் கேட்டேன். வீட்டில் எலி செத்து விழுந்தால் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிடுவார்கள். காய்ச்சல் கண்ட ஆளை ஊருக்கு வெளியே மேட்டில் போட்டிருந்த தகரக் கொட்டகைக்குத் தூக்கிப் போவார்கள். வீட்டின் தட்டியைப் பிரித்துத் தெருவிலேயே கொளுத்துவார்கள். கொட்டகைக்குள் சொந்தக்காரரை விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

காய்ச்சல் எங்கள் தெருவில் கிழக்குக் கோடியில் இறங்கி, வீடு வீடாக நடந்து வந்து, எங்களுக்கு முந்தின வீட்டோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று, எங்கள் வீட்டிலும் எங்களுக்கு மேற்கே இருந்த வீடுகளிலும் யாருக்கும் ஒன்றுமில்லை. அப்போதுதான் யாரோ ஒருத்தி தெருவுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்த கொம்பைப் பார்த்திருக்கிறாள். "கொம்புதாண்டி தடுத்துடுச்சி. மாரியாத்தா தாண்டமாட்டேன்னுட்டா."

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் கொம்பின் நுனியில் வேப்பிலைக் கொத்தும் மஞ்சள் துணியும் கட்டியிருந்தன. எங்களுக்கு மேற்கே அடுத்த வீட்டு அஞ்சலை அத்தை செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரைக் கப்பியின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதான். உறவு எதுவும் இல்லை என்றாலும் நைனாவை அண்ணன் என்பாள், அம்மாவை அண்ணி என்பாள். அவள் மகள் ராசாத்தியும் நானும் ஒரே பலகையில் எழுதப் படித்தவர்கள், ஒரே மாங்காயைக் கடித்தவர்கள்.

நைனா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "தங்கச்சி, தொரை சாமான்மா. அதுக்குத் தண்ணி ஆவாது."

"ஒரு சொம்புத் தண்ணிண்ணா. அதுல கொம்பு கொறஞ்சா பூடும்? நம்ம புள்ளிங்களுக்குத்தானே."

என்ன சொல்வார்? துரை கோபித்துக்கொள்வார், அதனால் உன் மகளைக் காப்பாற்றுகிற சாமியைக் கும்பிடாதே என்றா சொல்வார்? ஒருத்தி ஊற்றினால் ஒரு செம்பு, தெருவே ஊற்றியது. மேற்கு லைனிலிருந்தும், ஷாஃப்டைத் தாண்டியிருந்த தெலுங்குக்காரர்களின் லைனிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். பக்கத்தில் ஒரு சவுக்குக் கம்பத்தை நட்டு, இதுக்கு ஊத்துங்கம்மா, இதுவும் மரந்தானே என்று நைனா சொல்லிப் பார்த்தார். அவர்கள் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "இது இன்னாத்தத் தடுத்துச்சி மேஸ்திரி?"

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் நைனா வேப்பிலையை மரியாதையாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நுனியைத் துடைப்பார், எண்ணெய் தேய்ப்பார். காலையில் மறுபடியும் மஞ்சள் தண்ணீர் ஓடும். இப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கயிற்றுக்குத் தடவும் கொழுப்பைக் கட்டியாகக் காய்ச்சி, கப்பி, பட்டை, நுனி முழுக்கத் தடவி, மரத்தின் நிறம் வரும்வரை துணியால் தேய்த்து மறைத்துவிட்டார். அம்மனென்று கும்பிடுகிற இடத்தில் கொழுப்பைத் தடவுகிறோமே என்று அவருக்கு உறுத்தல்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டே தடவினார். அம்மாவிடம் மட்டும், "யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றார். என்னை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

யோசனை பலித்தது. சேப்பங்கிழங்கு இலையில் விட்டது மாதிரித் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது, மரம் உலர்ந்தே இருந்தது. நைனா அந்த வாரம் சோறு நன்றாகச் சாப்பிட்டார்.

அந்த வாரம்தான் ராசாத்திக்குக் காய்ச்சல் கண்டது. அஞ்சலை அத்தை ஒரு நாள் முழுக்க மகளைப் பானைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அது நிற்கிற காரியமா? அடுத்த நாள் ஆட்கள் வந்தார்கள். போர்வையில் சுற்றித் தூக்கிப் போகும்போது அவள் கால் மட்டும் வெளியே தெரிந்தது, மருதாணி வைத்த கால். நான் கொம்புக்கு அடியில் உட்கார்ந்து தட்டி ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுத் தட்டி எரிந்த புகை எங்கள் வீட்டில் புகுந்து கண்ணைக் கரித்தது. அத்தையும் அவள் புருஷனும் எங்கள் கொல்லையில்தான் கோணி கட்டிப் படுத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் அத்தை குளித்து ஈரப்புடவையோடு வந்து கொம்புக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். அன்றைக்குத்தான் அவள் கவனித்தாள். தண்ணீர் நிற்கவில்லை, உருண்டு ஓடிவிட்டது. மஞ்சளைக் குழைத்துக் கையால் பூசிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. குங்குமம் வைத்தாள், அதுவும் நிற்கவில்லை. தெருவே கேட்கும்படி மார்பில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, ஆத்தா ஏத்துக்கல! நான் குடுக்கறத ஏத்துக்க மாட்றா! அதாண்டி எம்புள்ளயத் தாண்டிக்கினு வந்துட்டா! நான் இன்னா பாவம் பண்ணேன்?" பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவள் என்ன பாவம் செய்திருப்பாள் என்று ஒருத்திக்கு ஒருத்தி மெல்லப் பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள், பாவிகள்.

நைனா வாசற்படியில் நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் எத்தனையோ வருஷம் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் எதைச் சொல்வது? நீ இந்த வாரமெல்லாம் கும்பிட்டது கொழுப்பை என்றா? கொட்டகையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிற்கிறவளிடம் அதைச் சொல்ல எந்த மனுஷனுக்கு நாக்கு வரும்? ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. தலைத்துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அத்தை கொட்டகை வேலிக்குப் போயிருந்தாள். நைனா முகம்கூடக் கழுவவில்லை. வெந்நீர் வைக்கச் சொன்னார். சீயக்காயும் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கொம்பு நுனியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். கொழுப்புப் போயிற்று. இத்தனை மாதம் ஊட்டி வைத்த எண்ணெய் போயிற்று. மேலே பூசியிருந்த வார்னிஷ் பெயர்ந்து வெள்ளை மரம் தெரிந்தது. பட்டை இடுக்கில் அடைத்திருந்த குங்கிலியம்கூடப் பொடிந்து உதிர்ந்தது. எந்தத் தண்ணீருக்குப் பயந்து பயந்து காத்தாரோ, அந்தத் தண்ணீருக்கு அவரே கதவைத் திறந்துவிட்டார். வெந்நீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஒனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? தொரை வேலைய வுட்டுத் தொரத்திட்டா ரெண்டு புள்ளிங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்?"

"கத்தாத. அவ புள்ள அங்க கீது" என்றார் நைனா. அவர் கை நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. சீயக்காய்தான் கண்ணில் பட்டது என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை அத்தை பூசிய மஞ்சள் கொம்பில் அப்படியே ஊறிப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் போன வெறும் மரமல்லவா, குடித்துவிட்டது. அவள் கையை எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் தடவிப் பார்த்தாள். "நின்னுச்சி! அண்ணி, மஞ்சா நின்னுச்சி! ஆத்தா ஏத்துக்கினா!" என்று கூவினாள். ஈரப்புடவையோடு கொட்டகை மேட்டுக்கு ஓடினாள், மகளிடம் சொல்ல. அன்றைக்கு ராசாத்தி கண் திறந்து பார்த்தாளாம், அரை டம்ளர் கஞ்சி குடித்தாளாம். கொட்டகையில் மருந்து கொடுக்கும் 'டிரஸ்ஸர்' வேலிக்கு வந்து சொல்லியிருக்கிறார். அத்தை திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ராசாத்தி செத்துப்போனாள்.

அதற்கப்புறம் கொம்புக்குக் கூட்டம் குறையும் என்று அம்மா நினைத்தாள். குறையவில்லை. மஞ்சள் நின்றதைத்தான் எல்லாரும் பார்த்தார்களே. காய்ச்சல் மெல்ல ஓய்ந்த பிறகும் தினமும் ஊற்றினார்கள். நைனா தடுக்கவுமில்லை, மறுபடியும் கொழுப்புத் தடவவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் கொல்லைப்புறம் உட்கார்ந்து, அடிப்பக்கத்துக்கு எண்ணெய் தேய்ப்பார், கம்பிக் கயிறுகளுக்குப் பஞ்சு ஓட்டுவார். நுனிப் பக்கம் போகவே மாட்டார். பட்டைக்குக் கீழே மரம் கறுத்துக்கொண்டு வந்தது எனக்கே தெரிந்தது.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. துரை குதிரையில் வந்து இறங்கினார். கம்பிகளைப் பார்த்தார், கப்பிகளைச் சுற்றிப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே தெருப்பக்கம் வந்தார். மஞ்சளும் குங்குமமுமாய் இருந்த நுனியைப் பார்த்து முதலில் சிரிப்புத்தான் வந்தது அவருக்கு. பட்டையைக் கழற்றச் சொன்னார். பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து மரத்தில் வைத்து அழுத்தினார். பழத்தில் இறங்குவது போலக் கத்தி இறங்கியது.

யார் தண்ணீர் விட்டது என்று துரை கேட்டார். அஞ்சலை அத்தை எங்கள் வாசலில்தான் நின்றிருந்தாள், முக்காட்டைப் பிடித்துக்கொண்டு. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லேன்யா" என்றாள். பெயரைச் சொன்னால் கொல்லையில் கோணி கட்டிப் படுத்திருக்கும் அந்தப் புருஷனும் பெஞ்சாதியும் லைனைவிட்டே போக வேண்டியதுதான்.

"மழைத் தண்ணி தொரை. நான் பாக்காம வுட்டுட்டேன்" என்றார் நைனா.

அடுத்த திங்கட்கிழமை முதல் அவர் கீழே மண் அள்ளப் போனார். இத்தனை நாள் எல்லாருடைய உயிரும் தொங்குகிற கயிற்றைத் தடவிப் பார்த்தவர், இனி வேறு யாரோ தடவிய கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்கினார். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா, "பஞ்சு ஓட்னானுங்களான்னு கேட்டுட்டு ஏறுய்யா" என்பாள். "கேக்கறேன்" என்பார். கேட்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். சங்கு ஊதி ஷிப்ட் விடுகிறவரைக்கும் அம்மா வாசலைவிட்டு அசைய மாட்டாள். கயிறு அறுந்துபோகவில்லை. கீழேயிருந்த தூசிதான் அவர் நெஞ்சில் சேர்ந்தது. நான் கல்யாணமாகிப் போகிற வருஷம் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்.

கொம்பை அறுத்து, நல்ல பாகத்தைத் துரை எடுத்துக்கொண்டார். உளுத்த நுனியைத் தெருவில் எறிந்துவிட்டுப் போனார்கள். அஞ்சலை அத்தை அதை எடுத்துத் தன் புது வீட்டு மூலையில் நிறுத்திக் கும்பிட்டு வந்தாள். பிறகு தட்டி வீடுகளைப் பிரித்துக் கல் வீடு கட்டினபோது அது எங்கே போயிற்றோ. அந்தத் தெருவும் இப்போது இல்லை.

அத்தை நெடுநாள் இருந்தாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. கடைசிக் காலத்தில் ராபர்ட்சன்பேட்டையில் என் வீட்டில்தான் கிடந்தாள். கண் தெரியாது. மத்தியானத்தில் என் கையைத் தடவிக்கொண்டே, "கண்ணு, அன்னிக்கி மஞ்சா நின்னுச்சி இல்ல? நீ பாத்த இல்ல?" என்பாள். தினமும் கேட்பாள்.

"பாத்தேன் அத்த. நின்னுச்சி" என்பேன் நான்.

போன மாசம் பஜாரில் ஒரு கடைக்கு வாசல் பூசிக்கொண்டிருந்தார்கள். ஆளிவிதை எண்ணெய் வாசனை வந்ததும் என்னால் நடக்க முடியவில்லை, ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். பெயிண்டர் பையன் தண்ணீர் கொண்டுவந்து, "இன்னா பாட்டிம்மா, இந்த நாத்தம் ஒத்துக்கலயா?" என்று கேட்டான். ஒத்துக்கொள்ளும் என்று சொன்னேன். நைனா இல்லை, அம்மா இல்லை, கேட்கிறதற்கு அத்தையும் இப்போது இல்லை. மஞ்சள் ஏன் நின்றது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.